அரைப் புள்ளி

நவம்பர் 9, ஞாயிறு

ஜெயித்தோம். மூன்று ஜோடிகளில் இரண்டு நமக்கு. முதல் ஜோடி தோற்றது. இரண்டாவது ஜோடியில் நான் ஆடினேன், இழுபறியாக வென்றோம். மூன்றாவது ஜோடி நிவேதனும் குழந்தைவேலண்ணனும்: 6-3, 6-2.

எங்கள் டென்னிஸ் லீக்கின் சட்டத்தை வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டிலிருந்து ஐந்து வரை, அரை அரையாக, ஒரு புள்ளி உண்டு. பிரமாதமாக ஆடினால் ஐந்து. பந்தைக் கண்டு ஒதுங்கினால் இரண்டு. ஜோடி சேரும்போது இருவர் புள்ளியையும் கூட்டினால் ஏழைத் தாண்டக் கூடாது. ஆக, ஒரு புலியை இறக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பூனையையும் கட்டித்தான் இறக்க வேண்டும். புலி எல்லா கிளப்பிலும் இருக்கிறது. நல்ல பூனை கிடைப்பதுதான் கஷ்டம் என்பது என் மூன்று வருடக் கேப்டன் அனுபவம்.

நிவேதன் எங்கள் புலி. இருபத்தாறு வயது, பல்கலைக்கழகத்துக்கு ஆடியவன், இப்போது கம்ப்யூட்டர் வேலை. நாலரைப் புள்ளி. குழந்தைவேலண்ணன் பூனை. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னபோது, சும்மா நடக்கப் பிடிக்காமல் ஐம்பத்தைந்தில் ராக்கெட்டைத் தூக்கியவர். இரண்டரைப் புள்ளி. கூட்டினால் சரியாக ஏழு. தச்சன் அளவெடுத்துச் செய்ததுபோல.

மேலே 6-3 என்று எழுதியது தவறு. 6-4. பம்ப் மோட்டார் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன். அங்கே பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தவறை ஒற்றைக் கோட்டில் அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இந்த நோட்டிலும் அதே சட்டம்தான். — தாமோதரன், 9.11

நவம்பர் 12, புதன்

காலைப் பயிற்சி. குழந்தைவேலண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். இடது பக்கக் கீழ்த் தாடையில் வலியாம். நேற்று பல் டாக்டரிடம் போயிருக்கிறார். படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாராம்.

"பல்லு நல்லா இருக்குதுன்னா தாடை எதுக்குங் தம்பி வலிக்கோணும்? அந்த டாக்டருக்கு வயசு நம்ம நிவேதனாட்டந்தான் இருக்கும். என்னத்தக் கண்டாரு" என்றார்.

"ராத்திரி பல்லக் கடிச்சுட்டுத் தூங்கியிருப்பீங்கணா. போன வாரம் டபுள் ஃபால்ட்டு போட்டதுக்கு" என்றேன். சிரித்தார். அவரைக் கேலி செய்தால் கோபமே வராது. அதனால்தான் அணியில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்.

வீட்டில் சுகந்தி சமையல் வாயு சிலிண்டர் புக் செய்யச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஜெயித்தோம், ஆனால் லேசில் இல்லை. மூன்றாவது ஜோடி மூன்று செட் வரை போனது. குழந்தைவேலண்ணன் ஏழு முறை இரண்டு சர்வையும் வீணாக்கி டபுள் ஃபால்ட். பந்தைத் தூக்கிப் போடும் இடது கை மேலே போகவே மாட்டேன் என்கிறது. நெட்டுக்கு வாருங்கள் என்று வெளியிலிருந்து கத்தியும் வரவில்லை. கோட்டிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நிவேதன் ஒற்றை ஆளாகக் கோர்ட் முழுவதும் ஓடினான்.

மருதமலைப் பக்கமிருந்து நல்ல பனிக்காற்று. நாங்கள் எல்லாம் ஸ்வெட்டரில் நிற்கிறோம், அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும்.

நவம்பர் 18, செவ்வாய்

வார்ப்பில் ஊசித்துளை. நாற்பது மோட்டார் உறைகளைத் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசருக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்ணில் பட்டதை எழுதாமல் விட்டால் அது என் கையெழுத்தில் கிணற்றுக்குள் போகும் என்று சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தோற்றோம். அதைவிடப் பெரிய அடி மாலையில் வந்தது. லீக் குழு நிவேதனுக்கு ஐந்து புள்ளி ஆக்கிவிட்டது. இனி குழந்தைவேலண்ணனோடு சேர்த்தால் ஏழரை. நேரம் பார்த்து ஏழரை வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மச்சினன் முரளிதரன் போன் செய்து துக்கம் விசாரித்தான். சிகரம் அணிக்கு அவன்தான் கேப்டன். இரண்டு வருடமாக ஃபைனலில் எங்களைத் தோற்கடித்து, கோப்பையை என் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் காரில் வைத்துக்கொண்டு வருகிறவன். "என்ன மாமா, புலிய இனிக் கூண்டுலயே வெச்சுக்கறதுங்களா?" என்றான். சுகந்தி பக்கத்தில் நின்று சிரித்தாள். கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

நவம்பர் 24, திங்கள்

யோசித்ததில் மூன்று வழி.

நிவேதனை உட்கார வைக்கலாம். அதற்குப் பதில் அணியையே கலைத்துவிடலாம்.

கிளப்பில் இரண்டு புள்ளிக்காரர் கோமதி ஒருத்தர் இருக்கிறார். ஸ்கூல் டீச்சர். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஒவ்வொரு வாரமும் "எனக்கு ஒரு சான்ஸ் குடுங்க சார்" என்று கேட்கிறார். பந்து வரும்போது கண்ணை மூடுகிறார். நமக்குப் பூனை வேண்டும், கண்ணை மூடும் பூனை வேண்டாம்.

மூன்றாவது வழி சட்டப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. ஒரு ஆட்டக்காரரின் ஆட்டம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால், கேப்டன் ஆதாரத்தோடு விண்ணப்பித்து அரைப் புள்ளி இறக்கலாம். ஆட்டக்காரரும் கையெழுத்திட வேண்டும். குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்.

குழந்தைவேலண்ணன் இரண்டுக்கு இறங்கினால் ஐந்தும் இரண்டும் ஏழு. அனுபவம் பழைய இரண்டரை, கணக்குக்கு இரண்டு. ஒரு மனிதரின் ஆட்டம் கெட்டுப்போனதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் முறை.

நவம்பர் 26, புதன்

விண்ணப்பம் எழுதி முடித்தேன். என் இருபத்திரண்டு வருட அறிக்கைகளில் இதைவிடச் சுத்தமாக ஒன்று எழுதியதில்லை. பெருமைக்காக இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

"திரு. குழந்தைவேலு அவர்களின் ஆட்டத்தில் நவம்பர் 9 முதல் 23 வரை நான் நேரில் கண்டவை:

ஒன்று. மூன்றாவது கேமிலேயே மூச்சு வாங்குகிறது. முன்பு நெட்டுக்கு ஓடி வருவார், இப்போது இரண்டடி எடுத்து நின்றுவிடுகிறார்.

இரண்டு. சர்வ் போடும்போது பந்தைத் தூக்கும் இடது கை தோளுக்கு மேல் போவதில்லை. கை கனக்கிறது என்கிறார். மூன்று ஆட்டங்களில் பதினேழு டபுள் ஃபால்ட்.

மூன்று. காலை ஆறரை மணிக் குளிரிலும் கைப்பிடி நழுவும் அளவுக்கு வியர்க்கிறது. நவம்பர் 23 அன்று இருமுறை ராக்கெட் கைதவறி விழுந்தது.

நான்கு. பக்கம் மாறும் இடைவேளையில், அனுமதிக்கப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள் பெஞ்சிலிருந்து எழ முடிவதில்லை. நான் கடிகாரத்தில் பார்த்தது: இரண்டு நிமிடம் பத்து விநாடி, இரண்டு நாற்பது, மூன்று ஐந்து.

இக்குறைகள் தற்காலிகமானவை அல்ல, வாரத்துக்கு வாரம் கூடி வருகின்றன என்று உறுதி கூறுகிறேன்."

பல் விஷயத்தைச் சேர்க்கவில்லை. தாடைக்கும் டென்னிஸுக்கும் என்ன சம்பந்தம்.

நவம்பர் 27, வியாழன்

கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டம்மா தெய்வானையக்கா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தனையும் பாத்தீங்களா தம்பி? செகண்டு கூட எழுதியிருக்கீங்க. என்னைய இந்த அளவுக்கு ஆரும் கவனிச்சதில்லீங்க. ஆபீசுல கூட" என்றார்.

"கேப்டன்னா பாக்கோணுமில்லீங்ணா."

திரும்ப ஒருமுறை படித்தார். "கழுத தேஞ்சு கட்டெறும்பான கதையாப் போச்சு நம்மளுது. இதெல்லாம் எதனாலங் தம்பி?"

"வயசுதானுங்ணா. வேற என்ன."

"அதுவுஞ் சரி." கையெழுத்திட்டார். நகல் ஒன்று கேட்டு வாங்கி ராக்கெட் உறைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல மூச்சு விட்றாதீங்க. மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா ராக்கெட்டப் புடுங்கிப் பரண்ல போட்டுருவா. எனக்கு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் கெழம" என்றார்.

மூச்சு விடவில்லை. நான் எதற்குச் சொல்லப் போகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

குழுவிலிருந்து பிலோமினா மேடம் வந்தார். காலேஜில் உடற்கல்வித் துறையில் இருந்தவர், பார்வையிலேயே ஆளை எடை போடுவார். நிவேதனைச் சேர்க்க முடியாததால் அண்ணனை இன்னொருவரோடு இறக்கினேன். அவர் நன்றாக ஆடித் தொலைத்துவிடக் கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தேன்.

வீண் கவலை. முதல் செட்டிலேயே தண்ணீர்த் தொட்டி அருகே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "கேஸுங் தம்பி, நேத்து பருப்பு எச்சாப் போயிருச்சு" என்றார். மேடம் என் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். நாலும் டிக். கடைசியில் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"இவரு டாக்டரப் பாத்தாருங்களா?"

"பாத்துட்டாருங்க மேடம். படமெல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

பொய் சொல்லவில்லை. பல் டாக்டரும் டாக்டர்தானே.

டிசம்பர் 3, புதன்

இரண்டு புள்ளி ஆக்கிவிட்டார்கள். அணி முழுக்கக் கொண்டாட்டம். நிவேதன் குழந்தைவேலண்ணனுக்கு மாலை போடுவதுபோல் துண்டைப் போட்டான். "அரை கொறஞ்சதுக்கே மாலைன்னா, முழுசாக் கொறஞ்சா என்ன போடுவ கண்ணு?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஜெயித்தோம். 6-1, 6-2. புது ஏற்பாடு: அண்ணன் ஒரு ஓரத்தில் நின்றால் போதும், மற்றதெல்லாம் நிவேதன் பார்த்துக்கொள்வான். யானை படுத்தாலும் குதிரை மட்டம்.

சுகந்தி இன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். திரும்பும்போது, "ஏங்க, அந்தண்ணன் மொகம் ஏன் அப்படிச் சாம்பப் பூத்தாப்புல இருக்குது?" என்றாள்.

"பனி."

"பனிக்கு ஆருக்காச்சும் வேர்க்குமா?"

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன். ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னால் ஆளைப் பார்க்கிறாள்.

டிசம்பர் 10, புதன்

அண்ணன் பயிற்சிக்கு வரவில்லை. நானே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தெம்பை மிச்சம் வைத்தால் போதும்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஜெயித்தோம். அரையிறுதிக்கு வந்துவிட்டோம். கோமதி டீச்சர் இப்போது கண்ணை மூடுவதில்லை. பயிற்சியில் பத்துப் பந்தில் ஆறு திருப்பிவிடுகிறார். "சார், அங்கிளுக்கு ஒரு மேட்ச் ரெஸ்ட் குடுங்களேன், நான் ஆடறேன்" என்றார். ஓடுகிற வண்டியில் சக்கரத்தை மாற்றச் சொல்கிறார். பார்க்கலாம் என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

அரையிறுதி. ஜெயித்தோம். ஃபைனல் ஜனவரி 4, எதிரி சிகரம்தான். மச்சினனுக்கு இந்த வருடம் காலி காரில் வீட்டுக்குப் போகும் யோகம்.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் காருக்குப் போகும் வழியில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றார். இருபதடி தூரம்தான் இருக்கும். எதையோ தேடுவதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் வலையைச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். போய்ப் பிடித்திருந்தால் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 25, வியாழன்

விடுமுறை. பரணைச் சுத்தம் செய்தேன். கோப்பை வைக்க ஹாலில் ஒரு இடம் பார்த்து ஆணி அடித்துப் பலகை பொருத்தினேன். சுகந்தி பலகையைப் பார்த்தாள். "அந்தண்ணன ஒருவாட்டி நல்ல டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். ஃபைனல் முடியட்டும் என்றேன்.

டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஜனவரி 3, சனி

ராக்கெட்டுக்குப் புதுப்பிடி சுற்றினேன். பந்து, தண்ணீர், குளுக்கோஸ் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. சாயங்காலம் குழந்தைவேலண்ணன் போன் செய்தார். ஃபைனல் பற்றிப் பேசினோம். உற்சாகமாக இருந்தார். நாளை ஆறு மணிக்கு வந்துவிடுவார்.

ஜனவரி 4, ஞாயிறு

குழந்தைவேலண்ணன் போய்விட்டார்.

ஜனவரி 6, செவ்வாய்

லீவு போட்டிருக்கிறேன். எழுதினால்தான் தலைக்குள் சுற்றுவது நிற்கும்போல் இருக்கிறது.

முதல் செட். 3-2, நாங்கள் முன்னால். பக்கம் மாறும் நேரம். அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார். தண்ணீர் நீட்டினேன், வாங்கிப் பக்கத்தில் வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஃபைனலுக்கு நடுவர் உண்டு, நேரம் தாண்டினால் புள்ளி போய்விடும்.

ஒரு நிமிடம் இருபது. எதிர்ப்பக்கம் முரளிதரன் அணியினர் எழுந்தார்கள். ஒன்றரை. "அண்ணா, டைம் ஆச்சுங்க" என்றேன். அவர் தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். இரண்டு நிமிடம். நடுவர் எங்கள் பக்கம் திரும்பினார். "அண்ணா, எந்திரிங்க, பாயின்ட் போயிரும்" என்றேன். இரண்டு நிமிடம் நாற்பது. நான் இன்னும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிவேதன் வந்து அவர் தோளைத் தொட்டான்.

"சார், அங்கிள் கை சில்லுன்னு இருக்குது."

மூன்று நிமிடம் ஐந்து விநாடி. இந்த எண்ணை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

முரளிதரன்தான் வலையைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து நெஞ்சை அழுத்தினான். அவன் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். பெரிய அடைப்பு, பல நாளாகக் கூடி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். "முன்னாடி ஏதாவது அறிகுறி இருந்துச்சுங்களா?" என்று தெய்வானையக்காவைக் கேட்டார். "ஒண்ணுமே இல்லீங்க, நல்லா இருந்தாரு, டென்னிஸ் ஆடீட்டு இருந்தாரு" என்றார் அக்கா. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. துக்கத்தைவிடப் பயம்தான் அதிகம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

லீக் குழுவிலிருந்து செய்தி. கோப்பையை இரு அணிக்கும் பொதுவாக்கலாமா என்று கேட்கிறார்கள். பதில் அனுப்பவில்லை. ஹாலில் அடித்த பலகையைக் கழற்றிவிட்டேன். ஆணி வரவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிலோமினா மேடம் போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

பதினாறாம் நாள் காரியம். சுகந்தியும் நானும் போனோம். நிவேதன் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் தெய்வானையக்கா என்னை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். கட்டிலின் மேல் அண்ணனின் ராக்கெட் உறை. பக்கத்தில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"தம்பி, இது அவரு பைக்குள்ள இருந்துச்சு. உங்க கையெழுத்தும் இருக்குது, அவரு கையெழுத்தும் இருக்குது. ஆட்டத்துப் பேச்செல்லாம் எனக்கு வெளங்கல. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

படித்தேன். அவர் ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேட்டார்.

"நெட்டுன்னா?"

"நடுவுல கட்டியிருக்கற வலைங்க அக்கா. அங்க வரைக்கும் ஓடி வர முடியல, மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்குது."

"இந்த ரெண்டாவது?"

"இடது கையத் தூக்க முடியலைன்னு. கனக்குதுன்னு சொன்னாரு."

"எடது கை" என்று அவர் தன் இடது கையைத் தடவிக்கொண்டார். "மூணாவது?"

"பனியிலயும் வேர்த்துச்சுன்னு."

நாலாவதை அவர் கேட்கவில்லை. அதில் ஆட்டத்துச் சொல் ஒன்றும் இல்லை. விரலை வைத்து அந்த நிமிடங்களையும் விநாடிகளையும் தானே படித்தார். பிறகு மேலே போய்த் தேதியைப் பார்த்தார்.

"நவம்பர் மாசம்" என்றார். "டாக்டர் எங்கிட்டக் கேட்டாருங் தம்பி. முப்பத்தாறு வருசம் கூட இருந்தவ, எனக்கு இதுல ஒண்ணு கூடத் தெரியல. நீங்க எல்லாத்தையும் பாத்திருக்கீங்க."

அக்கா காகிதத்தின் தலைப்பில் விரலை வைத்தார்.

"இத ஆருக்கு எழுதுனீங்க?"

"லீக் கமிட்டிக்குங்க அக்கா."

"எதுக்கு?"

"அவருக்கு அரைப் புள்ளி கொறைக்கச் சொல்லி."

"கொறைச்சாங்களா?"

"கொறைச்சாங்க."

அக்கா காகிதத்தை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சுகந்தி வெளிய நிக்கறா, போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது சுகந்தி, "எல்லாத்தையும் நோட்டுல எழுதுவீங்களே, எழுதீட்டீங்களா?" என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது.

ஜனவரி 3 பதிவில் "உற்சாகமாக இருந்தார்" என்பதை ஒற்றைக் கோட்டில் அடித்திருக்கிறேன். நடந்தது இது:

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அண்ணன் போன் செய்தார். குரல் சன்னமாக இருந்தது. "தம்பி, மத்தியானத்துல இருந்து மாரு மேல கல்லத் தூக்கி வெச்சாப்புல இருக்குதுங்க. நாளைக்கு என்னைய விட்டுருங்களேன். அந்த டீச்சரும்மாவும் ரெண்டு புள்ளிதான? அந்தப் புள்ளைய ஆட வெச்சுக்கலாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன்."

நான் சொன்னேன்: "அது கேஸுதானுங்ணா. இஞ்சி மிட்டாயப் போட்டுட்டுப் படுங்க. நாளைக்கு ஒரு நாளு. நீங்க ஓடக்கூட வேண்டாம், சும்மா நின்னாப் போதும். திங்கக்கெழம நானே வண்டி எடுத்துட்டு வந்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு சொன்னார்:

"சரிங் தம்பி. என்னையப் பத்தி என்னையவிட உங்களுக்குத்தான எச்சாத் தெரியும்."

— தாமோதரன், 20.1